வாசகர் கேள்வி பதில்: நெல் தானே தயாரிக்கும் மருந்து

மழை விடாமல் பெய்யும் மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி பூசணத்தைப் பற்றித்தான் இருக்கும். வயல், மாடித் தோட்டம், வெங்காயக் கூடை, காலில் வரும் படர்தாமரை என்று இந்த மாதமும் அப்படியே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

அக்கா, நான் படிவம் ஆறு மாணவன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல்தான். நெல்லுக்குள் பூஞ்சையைக் கொல்லும் சகுரானெடின் என்ற ஒரு ஃபிளேவனாய்டு இருப்பதாக ஆசிரியர் சொன்னார். அது இருக்கும்போது குலைநோய் எப்படி வருகிறது?
*கெப்பாலா பத்தாஸ், செபராங் பிறை*

தம்பி, ஆசிரியர் சொன்னது சரிதான். ஃபிளேவனாய்டு என்பது செடிகள் தங்களுக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும் ஒரு வகை வேதிப்பொருள். ஆனால் "நெல்லுக்குள் இருக்கிறது" என்பதை மட்டும் கொஞ்சம் மாற்றிப் படிக்க வேண்டும். நோய் தொடாத, பச்சைப் பசேலென்று நிற்கும் நெல் இலையில் சகுரானெடின் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. பூஞ்சை வந்து இலையைத் துளைக்கத் தொடங்கிய பிறகுதான், அதுவும் துளைக்கிற இடத்தைச் சுற்றித்தான், செடி அதைத் தயாரிக்கவே தொடங்குகிறது. ஆகவே அந்தப் பொருள் இருக்கிறதா இல்லையா என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் எதிராளியைப் பார்த்துவிடுவோம். குலைநோய்ப் பூஞ்சையின் வித்து பேரிக்காய் வடிவத்தில் மூன்று அறைகளோடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காற்றிலும் மழைச்சாரலிலும் வந்து இலையில் ஒட்டும். இலை பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால் முளைவிட்டு, நுனியில் ஒரு கரிய குமிழை உண்டாக்கும். அந்தக் குமிழுக்குள் ஏறும் அழுத்தம் சுமார் 80 வளிமண்டல அளவு என்று அளந்திருக்கிறார்கள், அதாவது உங்கள் அப்பாவின் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல முப்பது மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் ஓர் ஊசி போன்ற முனை இலைத்தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகிறது. குமிழின் கருப்பு நிறம் மெலனின். அந்த மெலனின் இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது. வயலுக்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் என்ற மருந்து மெலனின் உருவாவதைத்தான் தடுக்கிறது.

உள்ளே நுழைந்த பிறகு செடியின் முறை. ஆபத்து வந்துவிட்டது என்ற செய்தியை செல்களுக்குள் பரப்பும் பொருள்களில் ஒன்று ஜாஸ்மோனிக் அமிலம். இதன் நெருங்கிய உறவான மெத்தில் ஜாஸ்மோனேட்டை முதலில் பிரித்தெடுத்தது நம் பிச்சிப்பூவின் எண்ணெயிலிருந்து. பிச்சியின் வாசனையில் அதற்கும் பங்கு உண்டு, அதே குடும்பத்துப் பொருள் வயலில் அபாயச் செய்தி சொல்கிறது, எனக்கு இது இன்னமும் வியப்பாகவே இருக்கிறது. செய்தி வந்ததும் செல்லுக்குள் ஏற்கனவே உருவாகும் நரிஞ்செனின் என்ற ஃபிளேவனாய்டை எடுத்து, அதில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியை (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்ன அணுக்கூட்டம்) ஒரு நொதி, அதாவது செல்லுக்குள் வேதிமாற்றத்தை நடத்தும் புரதம், ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான், சகுரானெடின் தயார். நரிஞ்செனின் உங்களுக்குப் புதிதல்ல, பொமெலோ பழத்தின் வெள்ளைத் தோல் கசக்கிறதே, அந்தக் கசப்புக்குக் காரணமான நரிஞ்சின் என்பது நரிஞ்செனினோடு சர்க்கரை சேர்ந்தது. தேர்வுக்கு வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள்: நரிஞ்செனின் C₁₅H₁₂O₅, சகுரானெடின் C₁₆H₁₄O₅. இந்தச் சிறு மாற்றம் குலைநோய்ப் பூஞ்சையின் வித்து முளைப்பதையும் இழை வளர்வதையும் கட்டுப்படுத்துகிறது.

செர்ரி மரப்பட்டையில் இருப்பதாக முன்பே தெரிந்திருந்த இந்தப் பொருளை, நெல்லின் தற்காப்புப் பொருளாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992இல் அறிவித்தார்கள். புற ஊதா ஒளி பட்ட நெல் இலைகளில்தான் அதைக் கண்டார்கள். மெத்தில் ஒட்டும் அந்த நொதியைத் தனியே பிரித்து அடையாளம் காண 2012 ஆகிவிட்டது.

சரி, அப்புறம் ஏன் நோய் வருகிறது? முதல் காரணம் வேகம். எதிர்ப்புத் திறன் உள்ள ரகங்களில் சகுரானெடின் சீக்கிரமாகவும் அதிகமாகவும் சேர்கிறது, நோய்க்கு ஆளாகும் ரகங்களில் தாமதமாகவும் குறைவாகவும் சேர்கிறது. இரண்டாவது காரணம் பூஞ்சை சும்மா இருப்பதில்லை. சகுரானெடினில் இருக்கும் மெத்திலைக் கழற்றி மறுபடியும் நரிஞ்செனினாக்கிவிடும், இல்லாவிட்டால் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து வேறு பொருளாக்கும், அதுவும் இல்லாவிட்டால் ஒரு சர்க்கரையை ஒட்டி முடக்கிவிடும். செடி ஒட்டுவதும் பூஞ்சை கழற்றுவதுமாக அங்கே ஓர் ஓட்டப்பந்தயமே நடக்கிறது. நெல்லும் இதை மட்டும் நம்பி நிற்கவில்லை, மொமிலாக்டோன் மாதிரி வேறு வகைத் தற்காப்புப் பொருள்களும் அதனிடம் பத்துக்கு மேல் உண்டு.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல் இருக்கிறது என்றீர்கள். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு ஒரு பூதக்கண்ணாடியோடு வரப்பில் இறங்கிப் பாருங்கள். மலாய் விவசாயிகள் காராஹ் என்று சொல்லும் நோய் இதுதான். சில இலைகளில் குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்புப் புள்ளி மட்டும் இருக்கும், வளர்ந்திருக்காது. அது குலைநோய்ப் புள்ளியாக இருந்தால் பூஞ்சை நுழைந்த இடத்திலேயே செடி அதை நிறுத்திவிட்டது என்று பொருள். இன்னும் சில இலைகளில் இரண்டு முனையும் கூர்மையாக, கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புக் கரையுமாக ஒரு புள்ளி நீண்டிருக்கும். அங்கே பூஞ்சை ஜெயித்திருக்கிறது, அந்தச் சாம்பல் நடுவிலிருந்துதான் அடுத்த வித்துகள் கிளம்பும். இது கதிரின் கழுத்தில் வந்துவிட்டால்தான் பெரிய இழப்பு, மேலே உள்ள மணிகள் பால் பிடிக்காமல் பதராகிவிடும்.

விவசாயி செய்யக்கூடியதும் இந்தப் பந்தயத்தில் செடிக்கு நேரம் வாங்கிக் கொடுப்பதுதான். யூரியாவை அளவுக்கு மேல் போட்டால் இலை கரும்பச்சையாகத் தளதளவென்று வரும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் குலைநோய்க்கு அதைவிட வசதியான இலை கிடையாது. நம் நாட்டில் பெரும்பாலும் நேரடி விதைப்பு. விதையை அடர்த்தியாக இறைத்துவிட்டால் பயிருக்குள் காற்றோட்டமில்லாமல் இலை வெகுநேரம் ஈரமாகவே இருக்கும். இன்னொன்று சிலிக்கா. நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை எடுத்து இலைத்தோலுக்கு அடியில் ஓர் அடுக்காகப் படிய வைக்கிறது, சிலிக்கா நன்றாகக் கிடைத்த பயிரில் குலைநோய் குறைகிறது என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை. உமிச் சாம்பலில் சிலிக்கா நிறைய இருக்கிறது. ஆலைக்குப் பக்கத்தில் மலையாகக் குவிந்து கிடக்கும் உமியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது.

நாங்கள் பதினான்காவது மாடியில் இருக்கிறோம். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) "தாவர ஃபிளேவனாய்டு, எல்லாப் பூசணத்துக்கும் ஒரே மருந்து" என்று ஒரு பாட்டில் விற்றார்கள். மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் அடிக்கலாமா?
*பாயான் பாரு, பினாங்கு*

வேண்டாம் அம்மா. முதலில் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். மலேசியாவில் பூச்சி, பூஞ்சை மருந்து எதுவாக இருந்தாலும் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் எல்ஆர்எம்பி (பூச்சிக்கொல்லி வாரியத்தின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம்) என்ற எழுத்துகளோடு தொடங்கும். இயற்கை, மூலிகை, தாவரம் என்று எழுதியிருப்பதால் இதிலிருந்து விலக்கு கிடையாது. எண் இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நாளைக்குக் குழம்பில் போடும் கறிவேப்பிலை மீது அதை அடிக்க எனக்கு மனம் வராது.

உள்ளே உண்மையாகவே ஃபிளேவனாய்டு இருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. மேலே தம்பிக்குச் சொன்னதைப் படித்திருப்பீர்கள், செடி அந்தப் பொருளைச் சரியான செல்லுக்குள், சரியான நேரத்தில் உண்டாக்குகிறது. நாம் இலைக்கு வெளியே தெளிப்பது மழையில் கழுவிப்போகும், வெயிலில் சிதையும், உள்ளே இருக்கும் பூஞ்சை இழையைத் தொடாது. அதோடு எல்லாப் பூசணமும் ஒரே பொருளுக்குப் பணியாது, ஒன்றைக் கொல்லும் பொருளை இன்னொன்று தின்று வளரும்.

மிளகாய்க் காயில் உள்வாங்கிய வட்டப் புள்ளி வந்து, அதற்குள் வளையம் வளையமாக, ஈரமான நாளில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகப் பசை மாதிரி ஏதோ தெரிந்தால் அது பழ அழுகல். அந்தப் பசை முழுவதும் வித்து. தண்ணீர் பட்டுத் தெறிக்கும்போது அடுத்த காய்க்குப் போய்விடும். அந்தக் காயைக் காய்ந்த நாளில் பறித்துப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், தொட்டியிலேயே விழ விடாதீர்கள், அந்தக் காயிலிருந்து விதை எடுக்கவும் கூடாது. தண்ணீரைக் காலையில் அடிமண்ணில் ஊற்றுங்கள், இலை மேல் அல்ல. தொட்டிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்கள். பால்கனிக்குக் கண்ணாடி போட்டிருந்தால் செடியைக் கண்ணாடிக்கு வெளியே வைக்க முடியுமா பாருங்கள், சாதாரண ஜன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், அந்தக் கதிர் பட்டால்தான் இலைகளில் ஃபிளேவனாய்டு நன்றாகக் கூடும். பாட்டிலுக்குக் கொடுக்கும் காசில்லாமலேயே கிடைக்கிற ஃபிளேவனாய்டு அது.

மஞ்சள் தூளைக் கரைத்துச் செடிக்கு ஊற்றினால் பூசணம் போகுமா?
*பட்டர்வொர்த்*

மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். அது ஃபிளேவனாய்டும் அல்ல. கையில் மஞ்சள் ஒட்டும், அதற்கு மேல் பெரிய பயன் இருக்காது.

சின்ன வெங்காயம் மொத்தமாக வாங்கி வைக்கிறேன். மேல் தோலை உரித்து, சுத்தமாக்கி வைத்தால் சீக்கிரம் கெடுகிறது, அப்படியே போட்டு வைத்தால் நிற்கிறது. ஏன்? சிலவற்றில் கருப்பு மாவு வேறு.
*பிறை*

நீங்கள் கவனித்தது ரொம்பச் சரி. வெங்காயத்தின் சிவந்த காய்ந்த தோல் வெறும் சருகு இல்லை. க்வெர்செடின் என்ற ஃபிளேவனாய்டு நாம் சாப்பிடும் சதையில் இருப்பதைவிட அந்தத் தோலில் மிக அதிகம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜே. சி. வாக்கர் என்ற தாவர நோய் அறிஞர் 1920களில் ஒரு விஷயத்தைப் பார்த்தார். வெள்ளை வெங்காயத்தில் கரும்புகை படிந்த மாதிரி ஒரு பூஞ்சை நோய் வருகிறது, பக்கத்திலேயே கிடக்கும் சிவப்பு, மஞ்சள் வெங்காயங்களில் வருவதில்லை. தேடிப் பார்த்தபோது நிறமுள்ள தோலிலிருந்து புரோட்டோகாட்டெசுவிக் அமிலம், காட்டெகால் என்ற இரண்டு பொருள்கள் ஈரத்தில் கரைந்து வெளியே வருவதும், அந்த ஈரத்தில் பூஞ்சையின் வித்து முளைக்காமல் போவதும் தெரிந்தது. க்வெர்செடின் சிதைந்தால் கிடைப்பதுதான் புரோட்டோகாட்டெசுவிக் அமிலம். தோலை உரித்துவிட்டால் சிவப்பு வெங்காயத்தின் உள் சதைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. செடியின் தற்காப்புப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று வேதியியல் முறையில் தெளிவாகக் காட்டிய முதல் சான்றுகளில் இதுவும் ஒன்று.

கருப்பு மாவு வேறு பூஞ்சை, ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர். மேலே சொன்னேனே, ஒன்றைக் கொல்வதை இன்னொன்று தின்னும் என்று, அதற்கு இந்த இனமே உதாரணம். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகளிடம் க்வெர்செடினை உடைக்கும் செம்பு கலந்த நொதி இருக்கிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் போதும், நம் சமையலறையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், கம்பிக் கூடையில் பரப்பி, காற்று வரும் இடத்தில், அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளி வையுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்க்க வேண்டாம், கிழங்கின் ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது. மாவு வெளித்தோலில் மட்டும் இருந்தால் ஓடும் தண்ணீரில் நனைத்து, தூசி பறக்காமல் உரித்து, அடுத்த அடுக்கையும் எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். சதை குழைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதை உரிக்கும் வேலையை அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

ஊருக்குப் போயிருந்தபோது மாமா தோட்டத்தில் சோளத்தாள் முழுக்கச் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள். அது பூஞ்சையின் நிறமா?
*சுங்கை ஆரா, பினாங்கு*

இல்லை, அது சோளம் போட்ட நிறம். நான் சொல்வது ஊரில் விளையும் சோளம், மக்காச்சோளம் அல்ல. சோளத்தின் தற்காப்பு ஃபிளேவனாய்டுகள் நிறமுள்ளவை, அபிஜெனினிடின், லூட்டியோலினிடின் என்று பெயர். நிறம் இருப்பதால் நுண்ணோக்கியில் நேரடியாகவே பார்க்க முடிந்தது, அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1980களின் பிற்பகுதியில் அதைப் பார்த்தார்கள். பூஞ்சை எந்தச் செல்லுக்குள் நுழைய முயல்கிறதோ அந்தச் செல்லுக்குள்ளேயே முதலில் நிறமில்லாத குட்டிக் குட்டி உருண்டைகள் தோன்றுகின்றன. அவை பூஞ்சை குத்தும் இடத்தை நோக்கி நகர்கின்றன, நகர நகர ஆரஞ்சாகிச் சிவக்கின்றன, பெரிதாகின்றன, கடைசியில் வெடித்து உள்ளிருப்பதைக் கொட்டுகின்றன. பூஞ்சையும் சாகும், அந்தச் செல்லும் சாகும். ஒரு செல்லைக் கொடுத்து இலையைக் காப்பாற்றுகிறது சோளம். நீங்கள் பார்த்த ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்குள்ளும் இப்படி எத்தனையோ செல்கள் செத்திருக்கும். பூச்சி கடித்தாலும் காயம் பட்டாலும்கூட சோளம் சிவக்கும் என்பதால், எல்லாப் புள்ளிக்கும் மருந்து அடிக்க ஓட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இலை காயத் தொடங்கினால் வேளாண் அலுவலரிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டட்டும்.

காலில் ஒரு வருடமாகப் படர்தாமரை. க்வெர்செடின் மாத்திரை பூஞ்சைக்கு நல்லது என்று தோழி வாங்கித் தந்தாள். சாப்பிடலாமா?
*செந்தூல், கோலாலம்பூர்*

சாப்பிட வேண்டாம், கிளினிக் போங்கள். வெங்காயத் தோலில் ஒரு பொருள் பூஞ்சையைத் தடுக்கிறது என்பதற்கும், அதே வகைப் பொருளை விழுங்கினால் நம் காலில் உள்ள பூஞ்சை போய்விடும் என்பதற்கும் நடுவில் நிறைய தூரம். விழுங்கிய க்வெர்செடினில் கொஞ்சம்தான் இரத்தத்தில் சேர்கிறது, சேர்ந்ததையும் குடலும் ஈரலும் உடனே வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. தோலில் பூஞ்சை இருக்கும் இடத்துக்கு, அதைக் கொல்லும் அளவுக்குப் போய்ச் சேராது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

படர்தாமரைக்கு நல்ல மருந்து இருக்கிறது. டெர்பினாஃபின், க்ளோட்ரிமசோல் களிம்புகள் பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. அரிப்பு நின்றதும் விட்டுவிடாமல் டாக்டர் சொன்ன நாள்வரை போட வேண்டும். ஒரு வருடமாகப் போகவில்லை என்கிறீர்களே, ஒன்றைக் கேட்கிறேன்: ஸ்டெராய்டு கலந்த கிரீம் ஏதாவது போட்டீர்களா? அது அரிப்பையும் சிவப்பையும் உடனே அடக்கும், குணமாகிவிட்டது போலத் தோன்றும், அடியில் பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். அந்த டியூபையும் கிளினிக்குக்குக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சர்க்கரை அளவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அவகாடோ வாங்கும்போது ஒரு புள்ளி இல்லை. பழுத்ததும் உள்ளே கருப்பு. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?
*பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்*

கடைக்காரர் மேல் தவறில்லாமலும் இது நடக்கும். பூஞ்சை பெரும்பாலும் தோட்டத்திலேயே, காய் மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. காயாக இருக்கும்வரை தோலில் உள்ள டையீன் என்ற பொருள் அதை எழுந்திருக்க விடாது. அந்த டையீனைச் சிதைக்கும் ஒரு நொதியும் தோலிலேயே இருக்கிறது, அதை அடக்கி வைப்பது எபிகாட்டெச்சின் என்ற ஃபிளேவனாய்டு, தேயிலையிலும் இருப்பதுதான். பழுக்கப் பழுக்க எபிகாட்டெச்சின் குறையும், நொதி அவிழ்ந்துகொள்ளும், டையீன் தீரும், பூஞ்சை விழிக்கும்.

ஆகவே காயாக, கல் மாதிரி இருப்பதை வாங்குங்கள். காம்பு இருந்த இடம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள், அது பிய்ந்திருந்தால் அந்த வழியாகவும் பூஞ்சை நுழையும். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காதீர்கள், அழுத்திய இடம்தான் முதலில் கருக்கும், நீங்கள் வாங்காவிட்டாலும் அடுத்தவருக்கு அது போகும். வீட்டில் வெளியே வைத்துப் பழுக்க விட்டு, லேசாக இளகியதும் அன்றைக்கே சாப்பிடுங்கள், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள்.